நீதிபதி லேர்னெட் ஹாண்டு

தோற்றுவாய்

நடுவுநிலைமைக்கு உவமை கூறப் புகுந்த திருவள்ளுவர் துலாக்கோலை எடுத்துக்காட்டினார். தன் தட்டில் வைத்த பொருளின் எடையை உள்ளவாறே காட்டுவது கோலின் இயல்பு. ஆயினும் கோலானது பிற பொருள்களை நிறுக்குமேயன்றித் தன்னைத் தான் நிறுப்பதில்லை. கோலே கோணியிருப்பின் அக்கோணலை அறிவார் யார்? சிலப்பதிகாரத்தில் வரும் பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். பொற்கொல்லன் கூறியது பொய்யாக இருக்கக்கூடும் என்னும் ஐயம் அவன் உள்ளத்தில் ஒரு கணமேனும் எழாது போயிற்று. அதுவே அவன் செய்த பிழை. அதன் பயன் கோவலனை மட்டுமன்றி மதுரை மாநகரையே சேர்ந்தது.

தம் கையிலுள்ள கோலைத் தாமே ஐயுற்று, அதனை ஓயாது சோதித்துப் பார்த்த நீதிபதி ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்ந்தனர். அவர் பெயர் லேர்னெட் ஹாண்டு. 1909 முதல் 1961 வரை ஏறக்குறைய 52 ஆண்டுகள் அவர் நீதிபீடத்தோடு தொடர்புற்றிருந்தார். அந்நாட்டின் உச்சநீதிமன்றத்தில் ஒரு நாளேனும் நீதிபதியாய் அமர்ந்தாரல்லர். எனினும் உச்சநீதிமன்ற நீதிபதிகள் பலருடைய பெயரை மறந்துவிட்ட சட்ட மாணவரும் இவர் பெயரை மறப்பதில்லை. தாம் பிழைபடக்கூடும் என்னும் நினைவே நீதிபதிக்கு அணிகலன் என்று கருதியவர் இவர். அந்நினைவால் விளையும் நன்மையையும், அதனாலேயே விளையக்கூடிய தீங்கையும் இவரது வாழ்க்கை ஒருங்கே காட்டுகின்றது. அதனை எம் சிற்றறிவுக்கு எட்டிய அளவு இக்கட்டுரையில் எழுத விழைகின்றோம்.

அந்நாட்டு நீதிமன்றங்கள்

வரலாற்றினுட் புகுமுன் அந்நாட்டு நீதிமன்றங்களின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் உரிய நீதிமன்றங்கள் வேறு. நாடு முழுமைக்கும் உரிய கூட்டாட்சி நீதிமன்றங்கள் வேறு. கூட்டாட்சி நீதிமன்றங்கள் மூன்று படிகளாய் அமைந்துள்ளன. முதற்படியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள் உள்ளன. சாட்சிகளை விசாரிப்பதும், ஜூரர்கள் முன்னிலையில் உண்மையை ஆராய்வதும் இங்கேயே நிகழும். இரண்டாம் படியில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் உள்ளன. இவற்றுட் பெரும்பாலானவை வட்டாரம் எனப்படும் நிலப்பகுதிகளுக்கு உரியவை. நியூயார்க், கனெக்டிகட், வெர்மான்ட் என்னும் மூன்று மாநிலங்களும் அடங்கியது இரண்டாம் வட்டாரம். மூன்றாம் படியில் 9 நீதிபதிகளையுடைய உச்சநீதிமன்றம் உள்ளது.

மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்குச் சாட்சிகள் வருவதில்லை. வழக்கமாக மூன்று நீதிபதிகள் கூடிக் கீழ்மன்றத்தின் ஏடுகளைப் படித்து, வழக்கறிஞரின் வாதங்களைக் கேட்டு, சட்டம் சரியாகக் கையாளப்பட்டதா என்பதை ஆராய்வர். உச்சநீதிமன்றம் தனக்கு வரும் விண்ணப்பங்களுள் மிகச் சிலவற்றையே ஏற்கின்றது. ஆதலின் பெரும்பாலான வழக்குகளுக்கு இவ்விடைப்படியே இறுதிப்படியாகின்றது. கூட்டாட்சி நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் செனெட் சபையின் இசைவுடன் நியமிப்பர். நன்னடத்தை உள்ளளவும் அவர்கள் பதவியில் நிலைத்திருப்பர். அவர்கள் மக்கள் வாக்கால் வந்தோரும் அல்லர்; மக்கள் வாக்கால் விலகுவோரும் அல்லர். அங்ஙனமாயின், மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபை இயற்றிய சட்டத்தை இத்தகையோர் எவ்வளவு தூரம் மறுக்கலாம்? இவ்வினாவே ஹாண்டு அவர்களின் வாழ்நாள் வினாவாயிற்று.

இளமையும் கல்வியும்

ஹாண்டு 1872-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் தலைநகராகிய ஆல்பனியிற் பிறந்தனர். பெற்றோர் இட்ட முழுப்பெயர் பில்லிங்ஸ் லேர்னெட் ஹாண்டு என்பது. 'லேர்னெட்' என்பது அன்னையாரின் குடிப்பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் 'கற்றறிந்த' என்றும் பொருள்படும். பெயரும் பொருளும் பின்னாளில் இயைந்தது நல்லூழே. பாட்டனாரும் தந்தையாரும் சட்டம் பயின்றவர்கள். தந்தையார் சாமுவேல் ஹாண்டு அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்தில் 1878-ஆம் ஆண்டு சிறிது காலம் நீதிபதியாய் இருந்தனர். மைந்தருக்கு 14 வயதாகும்போது அவர் காலஞ்சென்றார். இறந்த தந்தையாரின் புகழ் மைந்தரின் தோளில் ஒரு சுமையாய் அமர்ந்தது. தாம் அவருக்கு ஈடாகார் என்னும் எண்ணம் அவரை நெடுங்காலம் வருத்திற்று.

ஹார்வர்டு கல்லூரியில் அவர் தத்துவ நூலை விரும்பிக் கற்றார். வில்லியம் ஜேம்ஸ், ஜோசையா ராய்ஸ், ஜார்ஜ் சந்தாயனா என்னும் பேரறிஞர் மூவரும் அவர்க்கு ஆசிரியராய் அமைந்தனர். இளமையில் வீட்டிற் பயின்ற சமயக் கோட்பாட்டின் உறுதி அங்கே தளர்ந்தது. அதன்பின் அவர் எக்கொள்கையையும் முற்ற முடிந்தது எனக் கொள்ளவில்லை. 1893-ஆம் ஆண்டு உயர்ந்த சிறப்புடன் தேறிய அவர், தத்துவத்திலேயே தொடர்ந்து ஈடுபட விரும்பினர். குடும்பத்தாரோ குலத்தொழிலாகிய சட்டத்தையே வற்புறுத்தினர். விருப்பத்திற்கும் குடும்பத்திற்கும் இடையே நின்று தியங்கும் மாணவர் எந்நாட்டிலும் உளர் போலும்! அவர் சட்டக் கல்லூரியிற் சேர்ந்தனர்.

ஆண்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்த ஆசிரியர் ஜேம்ஸ் பிராட்லி தேயர் என்பவர். சட்டசபையின் சட்டம் அரசியலமைப்புக்கு மாறானது என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெளிவானாலன்றி நீதிபதி அதனைத் தள்ளலாகாது என்பது தேயரின் கோட்பாடு. இவ்வித்து மாணவர் உள்ளத்தில் ஆழ ஊன்றிற்று.

1896-ஆம் ஆண்டு சட்டப் படிப்பை முடித்த ஹாண்டு முதலில் ஆல்பனியிலும், 1902 முதல் நியூயார்க் நகரிலும் வழக்கறிஞராய் இருந்தனர். அத்தொழிலில் அவர் பெரிதும் விளங்கவில்லை. தம்மைத் தோல்வியுற்றவராகவே எண்ணினர். 1902-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரான்செஸ் பின்கே என்னும் மங்கையை மணந்தார். அவர்களுக்குப் பெண்மக்கள் மூவர் பிறந்தனர்.

அக்காலத்தில் உச்சநீதிமன்றம் 1905-ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பு ஒன்று அறிஞரிடையே பெருஞ்சர்ச்சையை எழுப்பியிருந்தது. ரொட்டிக் கடைத் தொழிலாளரை நாளொன்றுக்கு 10 மணி நேரத்திற்கு மேல் வேலைவாங்கலாகாது என நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. முதலாளியும் தொழிலாளியும் விரும்பியவாறு ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையை அச்சட்டம் கெடுக்கிறது என்று கூறி உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. 1908-ஆம் ஆண்டு ஹாண்டு இதனைக் கண்டித்து ஒரு கட்டுரை வரைந்தார். தொழிலாளரின் உடல்நலம் காக்க எது வேண்டும் என்பதை ஆராய்ந்து துணிவது சட்டசபையின் கடமை. நீதிபதிகள் தம் பொருளாதாரக் கொள்கையைச் சட்டத்தின் பெயரால் மக்கள்மேல் ஏற்றலாகாது என்பது அதன் சாரம். நீதிபதியின் அடக்கம் அன்று ஏழைத் தொழிலாளர்க்கு அரணாய் நின்றது என்பதை நாம் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் வருவதை அறிதற்கு அது துணையாகும்.

மாவட்ட நீதிபதி

1909-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் டாப்ட் அவரை நியூயார்க் தென்பகுதி மாவட்ட நீதிமன்றத்தில் நியமித்தனர். அப்போது அவர்க்கு வயது 37. 1913-ஆம் ஆண்டு முற்போக்குக் கட்சியின் சார்பில் மாநில நீதிமன்றத்தின் தலைமைப் பதவிக்குத் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். நீதிபதியாய் இருந்துகொண்டு கட்சித் தேர்தலிற் புகுந்தது தகாது என்று பின்னர்த் தாமே வருந்தினர்.

அவரது உறுதியைச் சோதித்த வழக்கு 1917-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரிற் புகுந்தது. ஜூன் மாதத்தில் ஒற்றாடற் சட்டம் பிறந்தது. போர்ப்படையில் கீழ்ப்படியாமையைத் தூண்டுவதும், படைக்கு ஆள்சேர்த்தலைத் தடுப்பதும் அச்சட்டப்படி குற்றம். அத்தகைய எழுத்துக்களைத் தபாலில் அனுப்புதலும் கூடாது. 'தி மாஸஸ்' என்னும் பத்திரிகை போரையும் கட்டாயப் படைச் சேர்க்கையையும் கேலிச் சித்திரங்களாலும் பாட்டாலும் கட்டுரையாலும் தாக்கி வந்தது. அதன் ஆகஸ்டு இதழைத் தபாலில் ஏற்க நியூயார்க் தபால் அதிகாரி மறுத்தனர். பத்திரிகையார் ஹாண்டிடம் முறையிட்டனர்.

நாடெங்கும் போர்வெறி மூண்டிருந்த காலம் அது. ஹாண்டு தாமும் போரை ஆதரித்தவரே. எனினும் ஜூலை 24-ஆம் நாள் பத்திரிகையின் பக்கமே தீர்ப்பளித்தார். ஒருவன் சட்டத்தை மீறுமாறு பிறரை நேரே ஏவுதல் ஒன்று. அரசின் செயலைக் கடிந்துரைத்தல் மற்றொன்று. கடிந்துரையைக் கேட்டவன் ஒருகால் மனங்கசந்து சட்டத்தை மீறக்கூடும் என்பதற்காகவே அதனைத் தடைசெய்வோமாயின், அரசைக் குறைகூறும் சொல் அனைத்தையுமே தடைசெய்தல் வேண்டும். அத்தகைய கருத்தைச் சட்டசபை தெளிவாக உரைத்தாலன்றி யாம் அதனைச் சட்டத்தினுட் புகுத்திப் படிக்கோம் என்பது அவர் முடிவு. ஆராயவேண்டுவது சொல்லின் இயல்பேயன்றிக் கேட்போர் அச்சம் அன்று என்று அவர் வகுத்த இவ்வெல்லைக்கோடு மிக நுண்ணியது.

நவம்பர் மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. அவ்வாண்டின் முடிவோடு பத்திரிகையும் நின்றுபோயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அப்போது ஓர் இடம் காலியாயிருந்தது. இத்தீர்ப்பால் அது தம் கைக்கு வாராது போகக்கூடும் என்பதை ஹாண்டு அறியாதவர் அல்லர். அஃது அவ்வாறே போயிற்று. 1918-ஆம் ஆண்டு மார்ட்டின் மான்ட்டன் என்பவர் அவ்விடத்திற்கு நியமிக்கப்பட்டார்.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்

ஏழாண்டு கழித்து, 1924-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் ஹாண்டை இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு உயர்த்தினர். அவரினும் மூத்தவராகிய சிற்றப்பன் மகன் அகஸ்டஸ் ஹாண்டு என்பாரும் 1927-ஆம் ஆண்டு அதே மன்றத்தை அடைந்தார். தாமஸ் ஸ்வான் முதலிய அறிஞரும் உடனிருந்தனர். உலக வாணிகத்தின் பெருந்துறையாகிய நியூயார்க் இவர்கள் ஆட்சிக்குட்பட்டது. கப்பல், காப்புரிமை, வருமான வரி, நூலுரிமை, குடியுரிமை எனப் பல துறை வழக்குகளும் இவர்களிடம் வந்து குவிந்தன.

அம்மன்றத்தில் ஒரு நல்வழக்கம் இருந்தது. வாதம் முடிந்தபின் மூன்று நீதிபதிகளும் உடனே கூடிப் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் தனித்திருந்து வழக்கை ஆராய்ந்து, தம் கருத்தையும் காரணத்தையும் எழுதி மற்றையோர்க்கு அனுப்புவர். அதன் பின்னரே கூடுவர். ஒருவர் கருத்தை மற்றொருவர் சோம்பலால் ஏற்றுக்கொள்ளுதலை இவ்வழக்கம் தடுத்தது. ஹாண்டு தம் தீர்ப்புக்களைத் தம் கையாலேயே எழுதுவார். எழுதிய பகுதியை இளைஞராகிய உதவியாளரிடம் தந்து அதிற் குற்றம் காணுமாறு பணிப்பார். தமிழ் நூல்களின் உரையாசிரியர்கள், மறுப்போர் கூற்றையும் எடுத்துக்காட்டி விடையிறுத்துச் செல்லும் முறையை நாம் வகுப்பிற் கற்கின்றோம். எதிர்ப்பக்கத்தின் வாதத்தை அதன் முழு வலிமையோடும் முதலில் எடுத்துரைக்கும் ஹாண்டின் தீர்ப்பும் அன்னதே.

மேலே கூறிய மான்ட்டன் மூப்பு முறையால் அம்மன்றத்தின் தலைமையை அடைந்தார். வழக்காளரிடம் பொருள் பெற்றுத் தீர்ப்பை விற்றார் என்பது வெளிப்பட, 1939-ஆம் ஆண்டு பதவி துறந்து, குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர்க்குப்பின் தலைமை ஹாண்டிடம் வந்தது. 1917-ஆம் ஆண்டு மனச்சான்றின்படி தீர்ப்பளித்தமையால் எவ்விடத்தை இழந்தாரோ, அவ்விடத்தைப் பெற்றவர் மாசுபடுத்திய மன்றத்தின் பெயரைத் தூய்மையாக்கும் பணி அவருடையதாயிற்று.

படகு வழக்குகள்

அவர் அளித்த தீர்ப்புக்களுள் இரண்டு படகு வழக்குகள் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பயிலப்படுகின்றன. 1928-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரண்டு இழுவைக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிய சரக்குப் படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு நியூயார்க்கை நோக்கிச் சென்றன. புயல் வரும் என்னும் வானொலிச் செய்தியைக் கேட்ட வேறு கப்பல்கள் டெலவேர்த் துறையில் ஒதுங்கின. இவ்விரண்டிலும் செய்தியை வாங்கத்தக்க வானொலிப் பெட்டி இல்லை. இரண்டு சரக்குப் படகுகள் மூழ்கின. வானொலிப் பெட்டி வைத்தல் இத்தொழிலில் இன்னும் பொது வழக்கமாகவில்லை என்று கப்பலுக்குடையார் வாதித்தனர். 1932-ஆம் ஆண்டு ஹாண்டு இதனை மறுத்தார். ஒரு தொழிலினர் அனைவருமே காலத்திற்குப் பின்தங்கியிருத்தல் கூடும். எல்லாரும் செய்யாமை ஒருவன் செய்யாமைக்கு விலக்காகாது என்றார்.

மற்றொன்று 1947-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 1944-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் மாவு ஏற்றிய படகு ஒன்று கட்டவிழ்ந்து சென்று வேறொரு கப்பலின்மேல் மோதி, அடியில் துளைபட்டு மூழ்கிற்று. படகுக்காரன் முதல்நாள் மாலை 5 மணிக்கே கரையேறிச் சென்றவன், 21 மணி நேரமாகத் திரும்பவில்லை. அவன் உடனிருந்தால் நீர் புகுவதைக் கண்டு உதவி கேட்டிருப்பான். எனவே படகுக்குடையாரும் கவனக்குறைவு உடையரோ என்னும் வினா எழுந்தது. இதற்கு ஹாண்டு ஓர் அளவுகோல் வகுத்தார். தீங்கு நேரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் இழப்பு எவ்வளவு என இரண்டையும் கண்டு பெருக்குக. அதனைத் தடுக்க வேண்டிய செலவும் முயற்சியும் அப்பெருக்குத் தொகையினும் சிறிதாயின், தடுக்காதவன் குற்றவாளி. போர்க்காலத்தின் நெருக்கடி மிகுந்த துறைமுகத்தில், பகல் வேளையில் ஓர் ஆளைப் படகில் நிறுத்துதல் பெருஞ்சுமையன்று என்பது தீர்ப்பு. உண்மையான துலாக்கோலே இது. இக்கோல் மீண்டும் ஒருமுறை வேறிடத்தில் வரக் காண்போம்.

ஒரு தந்தையின் வழக்கு

அதே 1947-ஆம் ஆண்டில் எண்ணால் அளக்க இயலாத வழக்கொன்றும் அவர்முன் வந்தது. அயல்நாட்டிலிருந்து வந்து அமெரிக்காவிற் குடியேறிய ஒருவர், பார்வையும் பேச்சும் இன்றி, அறிவும் வளராது படுக்கையிற் கிடந்த தம் 13 வயது மகனை 1939-ஆம் ஆண்டு அக்டோபரில் மயக்க மருந்தால் உயிர்நீக்கினர். வேறு நான்கு மக்களையும் அவர் அன்புடன் காத்து வந்தவர். ஜூரர்கள் அவரைக் குற்றவாளி எனக் கண்டபோதும் மிக்க இரக்கம் காட்டுமாறு வேண்ட, நீதிபதி சிறையின்றி விடுத்தார். அவர் 1944-ஆம் ஆண்டு செப்டம்பரில் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்திற்கு முந்திய ஐந்தாண்டுகளில் நல்லொழுக்கம் உடையவராய் இருந்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஐந்தாண்டு நிறைய இன்னும் மூன்று வாரமே இருந்தது.

இத்தந்தை ஒழுக்கம் கெட்டவரா? ஹாண்டு தம் மனச்சான்றைக் கேட்டிருப்பின் விடை எளிதாயிருந்திருக்கும். ஆனால் தம் கருத்தன்று, நாட்டு மக்களின் பொதுவான நெறியுணர்வே அளவுகோல் என்று அவர் கொண்டார். அதனை அறிய வழியில்லை என்றும் மறையாது கூறினர். முடிவில், சட்டம் மாறும்வரை இத்தகைய செயலை மக்களிற் பெரும்பாலோர் ஒப்பார் என எண்ணி விண்ணப்பத்தைத் தள்ளினர். காலம் கடந்துவிட்டமையால் புதிதாக விண்ணப்பிக்கத் தடையில்லை என்றும் குறித்தார். உடனிருந்த நீதிபதி ஜெரோம் பிராங்க் இதற்கு உடன்படவில்லை. தீர்ப்பைப் படிப்போர்க்கு அதன் முடிவு கசப்பாயினும், தாம் அறியாததை அறிந்ததாகக் காட்டாத நேர்மை புலப்படும்.

எட்டாத பதவி

உச்சநீதிமன்றத்தில் இடம் காலியாகும்போதெல்லாம் ஹாண்டின் பெயர் பேசப்பட்டது. 1942-ஆம் ஆண்டு நீதிபதி பிராங்க்பர்ட்டர், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டிடம் இவர்க்காகப் பெரிதும் மன்றாடினர். ஹாண்டுக்கு அப்போது வயது 70. 1943-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வைலி ரட்லெட்ஜ் என்னும் இளையவரை ரூஸ்வெல்ட் நியமித்தார். ரட்லெட்ஜ் 1949-ஆம் ஆண்டு 55-ஆம் வயதில் இறந்தனர். ஹாண்டு அதன்பின்னும் 12 ஆண்டுகள் வாழ்ந்தார். மனிதன் வகுக்கும் கணக்கு இத்தன்மைத்து!

எனினும் உச்சநீதிமன்றத்தின் வேலையே ஒருமுறை அவரைத் தேடி வந்தது. அலுமினியம் உற்பத்தியைத் தனியுரிமையாக்கிக்கொண்ட அல்கோவா என்னும் நிறுவனத்தின்மேல் அரசு தொடுத்த வழக்கை விசாரிக்க உச்சநீதிமன்றத்தில் வேண்டிய அறுவர் சேரவில்லை, பலர் விலகவேண்டியிருந்தது. எனவே ஹாண்டின் மன்றமே இறுதி மன்றமாக அமர்ந்து 1945-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. சந்தையில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் ஒருவர் கையிலிருப்பின் அது தனியுரிமை. 60 அல்லது 64 பங்காயின் ஐயத்திற்குரியது. 33 பங்காயின் அன்று என ஹாண்டு வரையறுத்தார்.

1944-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில், புதிதாய்க் குடியுரிமை பெற்றோரும் பிறரும் கூடிய பேரவையில் அவர் ஒரு சிற்றுரை ஆற்றினர். உரிமை மாந்தரின் உள்ளத்தில் உறைவது; அங்கே அது மடிந்தபின் எந்த அரசியலமைப்பும் எந்த நீதிமன்றமும் அதனைக் காக்கமாட்டா என்றார். தானே சரியென்று மிகத் துணியாத மனப்பான்மையே உரிமையின் ஆவி என்றும், பிறர் உள்ளத்தை அறிய முயல்வதும் அதுவே என்றும் விளக்கினர். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகட்கு முன் தோன்றி, மிகச் சிறியவனுடைய குரலும் மிகப் பெரியவனுடைய குரலோடு ஒப்பக் கேட்கப்படும் அரசு ஒன்று உண்டெனப் போதித்தவரையும் அங்கே அவர் நினைவுகூர்ந்தார். சமயக் கோட்பாட்டில் உறுதியற்றவர் வாயினின்று இது வந்தமையை எண்ணுக. அவ்வுரை நாடெங்கும் பரவி, அவர் பெயரைப் பாமரரும் அறியச் செய்தது.

1950-ஆம் ஆண்டு

இனி அவர் வாழ்வில் யாம் வருத்தத்துடன் கூறவேண்டிய பகுதி ஒன்று உளது. ஆட்சியை வன்முறையாற் கவிழ்க்குமாறு போதித்தலையும் குற்றமாக்கிய ஸ்மித் சட்டம் 1940-ஆம் ஆண்டு பிறந்தது. அதன்படி கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் 11 பேர் தண்டிக்கப்பட்டு மேல்முறையீடு செய்தனர். ரஷியாவோடு பகைமை முற்றி, கொரியப் போரும் மூண்டிருந்த சமயம். 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஹாண்டு அத்தண்டனையை உறுதிசெய்தார். தீங்கின் கொடுமையை, அது நிகழாமற் போகக்கூடிய அளவுக்குக் கழித்துப் பார்த்து, எஞ்சியது பேச்சுரிமையைக் குறைக்கத் தகுமாயின் குறைக்கலாம் என்பது அவர் வகுத்த விதி. 1951-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இவ்விதியையே எடுத்தாண்டு 6-க்கு 2 என்னும் பெரும்பான்மையால் தண்டனையை நிலைநிறுத்தியது.

இவ்விதி மாவுப் படகு வழக்கின் கோலே என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும். படகையும் மாவையும் நிறுத்த கோலால் மனிதன் பேச்சையும் நிறுத்தார். தீங்கு மிகப் பெரிதென்று நாடே அஞ்சும்போது, அது நிகழும் வாய்ப்பு எவ்வளவு சிறிதாயினும் தட்டுத் தாழ்ந்துவிடும் அன்றோ? கேட்போர் அச்சத்தை நோக்காது சொல்லின் இயல்பை நோக்குக என்று 1917-ஆம் ஆண்டு உரைத்தவர், 33 ஆண்டு கழித்து அச்சத்திற்கு இடங்கொடுத்தார். மேல்மன்றத்தின் முன்தீர்ப்புக்களுக்குக் கீழ்மன்ற நீதிபதி கட்டுப்பட்டவர் என்பது உண்மையே. ஆயினும் அவ்விதியின் சொற்கள் அவருடையவை.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், நீதி இலாகாவின் மறைவான செய்திகளை ரஷியாவுக்குத் தர முயன்றார் என்று தண்டிக்கப்பட்ட பெண் ஊழியர் ஒருவரின் வழக்கில், அவர் குற்றம் தெளிவானதே என்று கூறியும் ஹாண்டு தண்டனையைத் தள்ளினர். பிடியாணையின்றிப் பிடித்ததும், தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டது பற்றிய ஏடுகளை எதிர்த்தரப்புக்குக் காட்டாததும் முறையன்று என்பது காரணம். நாடு கொதித்தெழக்கூடிய அத்தீர்ப்பை அஞ்சாது அளித்தவரைக் கோழை என்று எவரும் கூறார்.

இறுதிக் காலம்

1951-ஆம் ஆண்டு முழுநேரப் பணியினின்று ஓய்வுபெற்றும், இறக்கும்வரை அவ்வப்போது மன்றத்தில் அமர்ந்து வந்தார். 1952-ஆம் ஆண்டு அக்டோபரில், அண்டை வீட்டானைப் பகைவனோ என்று ஐயுறும் சமுதாயம் கரையத் தொடங்கிவிட்டது என ஆல்பனியில் எச்சரித்தார். செனெட்டர் மெக்கார்த்தியின் வேட்டையைக் குறித்தே அங்ஙனம் பேசினார் என்பதை யாவரும் உணர்ந்தனர்.

1958-ஆம் ஆண்டு ஹார்வர்டில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினர். சட்டசபைகளின் முடிவை நீதிமன்றம் மாற்றுதல் தகாது என்னும் தம் பழங்கொள்கையை அவற்றில் எல்லைவரை கொண்டுசென்றார். கறுப்பினச் சிறுவரைத் தனிப்பள்ளியில் ஒதுக்கும் முறையை ஒழித்த 1954-ஆம் ஆண்டின் உச்சநீதிமன்றத் தீர்ப்பும் எந்நெறியின்மேல் நிற்கிறது என்பது தமக்கு விளங்கவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். அவரைப் போற்றி வந்த பலர் மனம் நொந்தனர். 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள், 89-ஆம் வயதில், நியூயார்க் நகரில் அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைந்த எட்டாம் ஆண்டாகிய 1969-இல் உச்சநீதிமன்றம் தன் பழைய விதியைக் கைவிட்டது. உடனே சட்டத்தை மீறுமாறு ஏவுவதும், அவ்வாறு மீறல் நேரத்தக்கதாக இருப்பதுமாகிய பேச்சையே தண்டிக்கலாம் என்றது. 1950-ஆம் ஆண்டின் ஹாண்டு தோற்றார். தள்ளுண்டு கிடந்த 1917-ஆம் ஆண்டின் ஹாண்டு பெரும்பாலும் வென்றார்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? 1908-ஆம் ஆண்டு நீதிபதிகள் அடங்கவேண்டும் என்று அவர் கூறியது தொழிலாளர்க்கு நலமாயிற்று; ஏனெனில் சட்டசபையில் அவர்கள் குரல் எட்டியிருந்தது. 1958-ஆம் ஆண்டு அதே சொல்லைக் கூறியபோது, தென்மாநிலங்களில் வாக்களிக்கவும் விடப்படாத கறுப்பினத்தார்க்கு எந்தச் சட்டசபையும் செவிசாய்க்கவில்லை. நீதிமன்றத்தின் வாயிலும் அடைபடின் அவர்கள் போகுமிடம் யாது? நீதிபதி தம்மை ஐயுறுதல் அறமே. ஆயின் அவ்வையத்தின் விலையை எவர் கொடுக்கின்றனர் என்பதையும் அவர் நோக்குதல் வேண்டும். மிகச் சிறியவனுடைய குரலும் கேட்கப்படும் அரசைப் பற்றிப் பூங்காவில் உரைத்தவரே, அக்குரல் தம் மன்றத்தின் வழியன்றி வேறு வழியால் வர இயலாத நிலையை எண்ணத் தவறினர் என்பது எம் தாழ்மையான கருத்து.

இக்குறையைக் காணும் கண்ணையும் நமக்கு அவரே தருகின்றார். நம் கல்லூரிச் சொற்போர்க் கழகத்தில், சீட்டெடுத்து வந்த பக்கத்தையே உண்மையென நம்பி முழங்கி, எதிர்ப்பக்கத்தார் கூறுவதைக் கேளாதே மறுக்கும் பழக்கம் எம்மிடமும் உண்டு. எழுதிய தீர்ப்பை இளைஞன் கையிற் கொடுத்து, இதிற் பிழை எங்கே எனக் கேட்ட முதியவரை அப்போது நினைத்தல் நலம். அவர் தீர்ப்பிற் பிழை காண்பதும் அவர் இட்ட பணியே. பெரியோரைப் போற்றும்போதும் அவர்தம் கோலை ஒருமுறை சோதித்துப் போற்றுவோமாக. நம் கோலை அதற்கு முன்னரே சோதிப்போமாக.